மைனஸ் நாலு

துரைஃபில் இன்று இரவு மைனஸ் நாலு என்று
மெஸ் டிவியில் ஓடியது.
யாரும் நிமிரவில்லை. கோழிக் குழம்பு சூடாக இருந்தது.
நான் மட்டும் பாதித் தட்டோடு எழுந்தேன்.

இந்தக் கேம்ப்பில் எழுபத்திரண்டு குழாய்கள்.
எது திருகினால் அழும், எது திருகாமலே அழும்
என்று எனக்குத் தெரியும்.
பயமெல்லாம் சி பிளாக்கின் வடக்குச் சுவர்தான்.
அங்கே லைன் மண்ணுக்குள் போகவில்லை,
சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடுகிறது.
அரேபியா என்றால் வெயில் என்று
கட்டியவன் நினைத்திருப்பான்.
முதல் வருஷம் நானும் அப்படித்தான்,
ஸ்வெட்டர் இல்லாமல் வந்து இறங்கினேன்.

ஸ்டோரில் ஃபோம் தீர்ந்துவிட்டது.
ஏசி மெக்கானிக் சூசையிடம் கெஞ்சி
பதினோரு மீட்டர் கறுப்பு உறை வாங்கினேன்.
செம்புக் குழாயின் குளிர் வெளியே போய்விடாமல்
ஆகஸ்டில் காவல் நின்ற உறை.
உள்ளே இருப்பது வெளியே போகக் கூடாது,
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
சூடா குளிரா என்று அது கேட்டதில்லை.

மீதிக்குப் பாஸ்மதி சாக்கு.
வளைவுகளுக்கு, எக்சிட்டில் போன பஞ்சாபி
கட்டிலுக்கடியில் விட்டுப்போன காக்கி பேண்ட்.
எல்போ முழங்காலில் சரியாக உட்கார்ந்தது.
டார்ச் பிடித்துக்கொண்டிருந்த டில் பகதூர் சிரித்தான்.
ஜும்லாக்காரன், ஐஸில் பிறந்தவன்.
"துணி போதாது பாய்," என்றான் இந்தியில்.
"தண்ணீரைத் தூங்க விடாதே.
கொஞ்சம் சொட்டிக்கொண்டே இருக்கட்டும்."

சொட்டவா?
குழாய்க்கு மேலேயே போர்டு இருக்கிறது,
அரபியில், உருதுவில், இங்கிலீஷில்:
ஒரு சொட்டும் வீணாக்காதே, அபராதம் ஐம்பது ரியால்.
அதை ஆணியடித்து மாட்டியவனே நான்தான்.

கேம்ப் பாஸ் ஹம்தியிடம் போய்ச் சொன்னேன்.
எவ்வளவு கனம் என்றார்.
நூல் கனம் என்றேன்.
சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
குல்லாயைக் காதுவரை இழுத்துக்கொண்டு
கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்து மணிக்குக் காளீஸ்வரி போன் செய்தாள்.
"என்னங்க அது, டொக்கு டொக்குன்னு?"
குழாய்.
"மூடுங்க."
மூடக் கூடாது.

கமுதியில் அவளுக்கு
நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணி வரும்.
அதுவும் ராத்திரி இரண்டரைக்கு,
முதலில் காற்று, பிறகு துரு, பிறகுதான் தண்ணி.
உறைகிற தண்ணி பருக்கும்,
பருத்தால் இரும்பையும் பிளக்கும் என்று விளக்கினேன்.
அவள் பேசவில்லை.
எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்
அது மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.
பிறகு சொன்னாள்:
"கீழ ஒரு வாளியாச்சும் வைக்கலாம்ல?"

பதினாலு வருஷம் பிளம்பர் நான்.
எனக்குத் தோன்றவில்லை.

விடியலில் சி பிளாக் முழுக்கத் தட்டிப் பார்த்தேன்.
பேண்ட் போட்ட வளைவுகள் விறைத்து நின்றன,
உள்ளே ஓட்டம் இருந்தது.
மேஸ்திரி முதுகில் தட்டினார். டீ குடித்தேன்.

ஒன்பதரைக்கு வெயில் ஏறியதும்
டி பிளாக்கில் கூச்சல்.
நான் எட்டிக்கூடப் பார்க்காத தெற்குச் சுவரில்
விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு,
அதிலிருந்து விசிறி மாதிரி தண்ணீர்.
வெடித்தது ராத்திரியில்தான்.
ஐஸே அடைப்பாக இருந்து
வெயில் வரும்வரை காட்டிக்கொடுக்கவில்லை.

மெயின் வால்வை மூடினேன்.
அரார் ரோட்டுக் கடையிலிருந்து ஜாயின்ட் வந்து சேர
ஒரு மணி ஆனது.
அதுவரைக்கும் கேம்ப்பில் மிச்சமிருந்த தண்ணீர்
அந்த ஒரு வாளி.
மேலே இரண்டு விரல் கனத்துக்கு ஐஸ்.
டில் பகதூர் குதிகாலால் உடைக்கப் போனான்;
அவனைத் தள்ளிவிட்டு ஸ்பேனரால் தட்டி
துண்டு துண்டாகக் கெட்டிலில் போட்டேன்.
முதல் கிளாஸ் ஹம்திக்குப் போனது.
அபராதம் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ராத்திரி அவளே கேட்டாள்:
"வாளி நிறைஞ்சுதா?"
கெட்டியா நிறைஞ்சுது, என்றேன்.